காக்கா கூட்டத்தைக் கூப்பிடுறது எதுக்கு?

அந்தக் காலத்துல, பறவைங்கல்லாம் வாய் ஓயாம பேசிட்டிருந்தப்ப, காக்காவுக்குக் கூட்டத்தைக் கூப்பிடுற பழக்கமே கிடையாது. கிடைச்சதைத் தனியா முழுங்கிட்டு, அலகைக் கிளையில தேய்ச்சிட்டுப் போயிடும்.

அப்ப குளத்தங்கரை வேப்பமரத்துல மாசானம்னு ஒரு காக்கா இருந்தான். எதிர்க்கரை புளியமரத்துல செவத்தின்னு ஒரு கரிச்சான் குருவி, மூணு முட்டை வச்சு அடைகாத்திட்டிருந்தா. பேருதான் செவத்தி, ஆளு மாசானத்தை விடக் கறுப்பு. உடம்பு அவன்ல பாதிகூட இருக்காது.

அந்த முட்டைங்க மேல மாசானத்துக்குக் கண்ணு.

"ஏ குருவி, நாளைக்குக் காலையில வருவேன். முட்டையை விட்டுட்டு ஒதுங்கிட்டா உனக்கு அடி மிச்சம்."

"வாங்கண்ணே," ன்னா செவத்தி. அவ்வளவுதான்.

அந்த மரியாதை அவனுக்கு இன்னும் எரிச்சலாப் போச்சு.

பொண்டாட்டி ராக்கு சொன்னா: "நாலு பேரைக் கூட்டிட்டுப் போங்க. அவ போன மாசம் பருந்தையே வெரட்டினா."

"பருந்துக்கு வயசாயிடுச்சுடி!"

அதோட விடல. சாதிசனத்தையெல்லாம் தேடிப் போயி சொன்னான்: "நாளைக்கு எவனும் அந்தப் பக்கம் வரக்கூடாது. துளியூண்டு குருவிக்குத் துணை தேடினேன்னு பேராயிடும். நான் கத்தினாலும் வராதீங்க. ஜெயிச்சு கத்துறேன்னு வச்சுக்கோங்க."

விடிஞ்சுது. மாசானம் நெஞ்சை நிமித்திட்டுப் போனான். கூட்டுல செவத்தியைக் காணோம்.

"ஓடிட்டா!" ன்னு சிரிச்சிட்டே முட்டைக்குக் குனிஞ்சான்.

அவ உச்சிக்கிளையில, அவனுக்கு மேல இருந்தா. கல்லு விழுந்த மாதிரி இறங்கி நடுமண்டையில ஒரு கொத்து! பறந்தான். அவளும் பறந்தா, அவன் முதுகுல உக்காந்து கொத்திக்கிட்டே.

"கா! கா! கா!"

வேப்பமரத்துல அத்தனை பேரும் உக்காந்து கேட்டாங்க.

"அண்ணன் ஜெயிச்சிட்டாருடா!"

"என்னா சந்தோஷம் பாரு, நிறுத்தவே மாட்டேங்கிறாரு."

குளத்தை மூணு சுத்து சுத்தின பிறகுதான் செவத்தி விட்டா. "முட்டை அங்கதாண்ணே இருக்கு. நாளைக்கும் வாங்க."

மாசானம் மண்டையில முடியில்லாம வந்து, எல்லாரையும் உக்கார வச்சு சட்டம் போட்டான்: "இனிமே எவன் கத்தினாலும் எல்லாரும் வரணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"சோறு திங்கிறப்பக் கூடவா?"

"திங்கிறப்பதானடா குனியறோம்!"

அன்னையிலேர்ந்துதான் காக்கா ஒத்தைப் பருக்கையைப் பார்த்தாலும் ஊரையே கூப்பிடுது. நாம என்னடான்னா, பகிர்ந்து சாப்பிடுற நல்ல மனசுன்னு பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்திட்டிருக்கோம். நல்ல மனசாம், மண்ணாங்கட்டி! ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கி மேல பார்க்குதே, அது யாரைத் தேடுதாம்?