நிறத்தைக் காத்துக்கொண்ட தவிடு

ஒரு மில்லில் நெல் அரைத்தார்கள். அரிசி வெள்ளை மூட்டையில் ஏறிக் கடைக்குப் போனது. உமி அடுப்புக்குப் போனது. தவிடு மட்டும் அரை மூட்டையாகக் கட்டப்பட்டு, செங்கமலம் வீட்டு மாட்டுக் கொட்டகையில், வெள்ளச்சி என்ற பசுவின் பக்கத்தில் வந்து இறங்கியது.

மூட்டைக்குள் இருந்த தவிட்டில் இரண்டு பிடி, அண்ணனும் தம்பியும். அண்ணன் பரம சாது. தம்பிக்குத்தான் வாய் ஜாஸ்தி.

"அண்ணே, மூட்டை மேல என்ன எழுதியிருக்கான் பார்த்தியா? மாட்டுத் தீனியாம்! அரிசியை ஒட்டிக்கிட்டு வளர்ந்தவங்களுக்கு இந்தப் பேரா? இது போனாத்தான் எனக்கு மானம்!" என்று தம்பி குதித்தது.

வெள்ளச்சி அசை போடுவதை நிறுத்தியது. "பேரை அப்புறம் மாத்திக்கலாம். இப்ப என் வாளி காலியா கிடக்கு, யாராவது வர்றீங்களா?" என்றது.

தம்பி மூட்டையின் அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

அந்த வாரமே அதற்கு அதிர்ஷ்டம் அடித்தது. செங்கமலத்தின் மூத்த ஓரகத்தி புதுவீடு கட்டிப் பால் காய்ச்ச அழைத்திருந்தாள். போன விசேஷத்தில் அவள் நாலு பேர் நடுவில், "என்னடி, மூஞ்சியெல்லாம் கரிச்சட்டி மாதிரி இருக்கு?" என்று கேட்டிருந்தாள். செங்கமலம் அதை மறக்கவே இல்லை. தவிடு முகத்துக்கும் நல்லது, முடிக்கும் நல்லது என்று போனில் ஒரு வீடியோவில் யாரோ சொன்னதைப் பார்த்ததும், சல்லடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டாள்.

அவள் புருஷன் வீரமுத்து பேப்பரைத் தாழ்த்தினார். "ஏய், மாட்டுக்கு வாங்கினதை மூஞ்சியில பூசப்போறியா? வெள்ளச்சி பார்த்தா முட்டும்!"

"முட்டட்டும். உங்க அண்ணி அன்னிக்கு அப்படிக் கேட்டப்ப நீங்க வாயைத் திறந்தீங்களா?"

பேப்பர் மறுபடி உயர்ந்தது.

தவிட்டை வறுக்காமல் வைத்தால் சீக்கிரமே பழைய எண்ணெய் போலச் சிக்கு வாடை வந்துவிடும் என்றும் போனில் சொல்லியிருந்தார்கள். அதனால் செங்கமலம் சலித்த தவிட்டில் முதல் பிடியை வாணலியில் போட்டாள். அது அண்ணன்.

"ஐயையோ அண்ணே, கறுத்துப் போறியே!" என்று தம்பி அலறியது.

"சூடுதான். ஆனா தாங்கிக்கலாம்டா."

அண்ணன் வறுபட்டு இறங்கியது. தம்பியின் முறை வந்தபோது கேஸ் தீர்ந்தது. "சனியன், இப்பவா தீரணும்!" என்று சொல்லிக்கொண்டே செங்கமலம் தம்பியைப் பச்சையாகவே ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்தாள். சிலிண்டர் வந்ததும் வறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மறுநாளே சிலிண்டர் வந்தது. வாணலியும் அடுப்பில் ஏறியது. பாட்டிலைத்தான் காணோம். தம்பி நைசாக நகர்ந்து உளுந்து டப்பாவுக்குப் பின்னால் போயிருந்தது.

"வாடா, நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்று அண்ணன் கூப்பிட்டது.

"போ போ! அழகுக்குன்னு பிறந்தவன் நான். என் நிறத்தைக் கெடுத்துக்குவேனா?"

புதுவீட்டுக்குப் போகும் நாளில் செங்கமலம் அண்ணனைத் தயிரில் குழைத்து முகத்தில் பூசினாள். மிச்சத்தைத் தலையில் தேய்த்தாள். கால் மணி நேரத்தில் குளித்தாகிவிட்டது. அண்ணன் தண்ணீரோடு போய் வாழை மரத்தடியில் சேர்ந்தது.

பாட்டிலுக்குள் தம்பி விழுந்து விழுந்து சிரித்தது. "இதுக்கா அந்தச் சூடு பட்டான்! என்னைப் பாரு, கண்ணாடி மாளிகையில இருக்கேன்!"

புதுவீட்டில் ஓரகத்தி செங்கமலத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னடி, முகம் இப்படிப் பளபளக்குது? என்ன சோப்பு போடறே?"

"சோப்பா? வெறும் பச்சைத் தண்ணிதான்க்கா," என்றாள் செங்கமலம். வீரமுத்து பாயசத்தில் புரையேறி இருமினார்.

ஒரு மாதம் போனது. அடுத்த அழைப்பு வந்ததும் செங்கமலம் அலமாரியைக் குடைந்து பாட்டிலைக் கண்டுபிடித்தாள்.

"வந்துட்டேன்! நிறம் கொஞ்சமாவது மாறியிருக்கா பாரு!" என்று தம்பி நெஞ்சை நிமிர்த்தியது.

மூடியைத் திறந்தவள் முகத்தைச் சுளித்தாள். "சீ! பழைய எண்ணெய்ச் சட்டி மாதிரி நாறுது!"

நேராகக் கொட்டகைக்குப் போய் வெள்ளச்சியின் வாளியில் கொட்டிவிட்டாள்.

தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. யாருக்கும் ஆகாமல் போவதற்கு இதாவது மேல் என்று மனதைத் தேற்றிக்கொண்டது. "அக்கா, நான்தான். மானம் போனா போகட்டும், பசியா இருப்பே, சாப்பிடு," என்றது.

வெள்ளச்சி குனிந்து ஒருமுறை மோந்து பார்த்தது. புஸ்ஸென்று மூச்சு விட்டு, தலையால் வாளியை அப்பால் தள்ளியது.

"என்ன கண்றாவி இது? எனக்கு மாட்டுத் தீனி போடச் சொல்லு."