ஆறுவழிச் சாலையில் காய்ந்த கொள்ளு

நகரத்தின் நடுவே ஆறுவழிச் சாலை ஒன்று வெயிலில் காய்ந்து கிடந்தது. வெளிவட்டச் சாலை வந்தபிறகு அதில் வண்டி போவதே அபூர்வம். பக்கத்துச் சாக்கடையோரம் குடிசை போட்டிருந்த பாவாத்தாள் மேயரிடம் போய், "அந்த ரோட்டுல எங்களுக்குச் சின்னதா வீடு கட்டிக் குடுங்க, மிச்சத்துல பார்க் வைங்க" என்று கேட்டாள்.

கூட இருந்த தலைமைப் பொறியாளர் தணிகாசலம் சீறினார்.

"நான் போட்ட ரோடும்மா அது! நடுவுல ஒரு நிமிஷம் நின்னா சட்னி ஆயிருவே!"

"ரொம்பச் சௌரியமாப் போச்சுங்க. எங்க ஊர்ப்பக்கம் கொள்ளுக்கொடியை ரோட்டுல பரப்பிட்டா, போற வண்டியே ஏறி ஏறி அடிச்சுக் குடுத்துரும். நாளைக்கு இங்கயும் போடறேனுங்க. பொழுது சாயறதுக்குள்ள கொள்ளு உதிர்ந்துட்டா குடிசையைப் பிரிச்சுக்கறோம். உதிரலீன்னா ரோடு எங்களுக்கு."

பொறியாளர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மேயரும் தலையாட்டினார்.

மறுநாள் சாயங்காலம் இருவரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். சாலையை அடைத்துப் பரப்பிய கொடி போட்டது போட்டபடியே கிடந்தது. ஓரிடத்தில் மட்டும் இரண்டு கோடாக நசுங்கிக் கொள்ளு சிதறியிருந்தது.

"பாருங்க, வண்டி போயிருக்கு!" என்று துள்ளினார் பொறியாளர்.

"ஆமாங்க. இப்ப நீங்க வந்த வண்டி."

மேயரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்று அங்கே வரிசையாக வீடுகள், நடுவில் பூங்கா. ஓய்வு பெற்ற தணிகாசலம் தினமும் அங்குதான் நடக்கிறார். "வண்டித் தொந்தரவே இல்லாத இடம்மா இது" என்று மெச்சுவார்.

வாசல் தெளித்துக்கொண்டே பாவாத்தாள் சொல்வாள்: "எப்பவுமே இருந்ததில்லீங்களே!"