மூணு தூண் மாளிகை

கிட்ட வாங்க, இன்னும் கிட்ட. பெரியவங்களும்தான், வெட்கப்படாம வாங்க. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ளே கதை ஓடிடும்!

முன்னொரு காலத்திலே, ஏழு கடல் தாண்டி, பருத்தி விளையுற தெற்குச் சீமையிலே ஒரு சின்ன ஊர். அங்கே பால் மாதிரி வெள்ளையா ஒரு மாளிகை. முன்கூரையைத் தாங்கி மூணு பெரிய தூண். போறவங்க வர்றவங்க எல்லாம் "என்ன அழகு! என்ன அழகு!"ன்னு வாயைப் பிளப்பாங்க. மூணும் மனுஷங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்காரத் துரை ஒரு மந்திரவாதி. விலைக்கு வாங்கின அடிமைங்க யாராவது "மாட்டேன்"னு சொன்னா, கைத்தடியாலே ஒரு தொடு. அவ்வளவுதான், தூண்! முதல் தூண் தோட்டக்காரன். ரெண்டாவது சமையல்காரி. மூணாவது, கதவு திறந்துவிடுற சின்னப் பொண்ணு ஹெட்டியோட அம்மா.

தினமும் ஹெட்டி அந்தத் தூணைக் கட்டிக்கிட்டு அழுவா. ஒரு நாள் கதவிலே மாட்டியிருந்த பித்தளைச் சிங்கம் வாயைத் திறந்துச்சு.

"அழுதா ஆச்சா, புள்ள? துரை தன் கையாலே இந்தக் கதவைத் திறந்தா மந்திரம் உடைஞ்சிடும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானாவா! பொறந்ததிலேருந்து அந்த ஆளு ஒரு கதவையும் தொட்டதில்லை!"

மறுநாள் துரை கதவைத் திறக்கச் சொன்னப்போ, "கையிலே முள்ளு, துரை"ன்னா ஹெட்டி. துரை நாயை ஏவித் தள்ள வச்சார். "கதவு கனக்குது, துரை"ன்னா. பூட்ஸ் காலாலே உதைச்சுத் திறந்தார்.

மூணாந்தடவை ஹெட்டி வெளியே ஓடி, கதவைப் படார்னு சாத்தி, தெருவைப் பார்த்துக் கத்தினா:

"வாங்க கவர்னர் ஐயா! வீடு யாருதுன்னா கேக்குறீங்க? என்னுதுதான்! உள்ளே ஒருத்தர் இருக்காரே, அவரு நம்ம வேலைக்காரர். கொஞ்சம் சோம்பேறி!"

"அடி கழுதை! யாருடி வேலைக்காரன்?"

கைத்தடியைத் தூக்கி எறிஞ்சிட்டுப் பாய்ஞ்சு வந்த துரை, கைப்பிடியைத் தன் கையாலேயே திருகித் தள்ளினார். தெருவிலே கவர்னரும் இல்லை, குதிரையும் இல்லை!

முதல் தூண் தும்மிச்சு. ரெண்டாவது தூண் சோம்பல் முறிச்சுது. மூணாவது தூண் "ஹெட்டீ!"ன்னு கூப்பிட்டுச்சு.

மூணு பேரும் இறங்கி ஓடினதுதான் தாமதம், தாங்க ஆளில்லாத முன்கூரை மடார்னு விழுந்து வாசலை அடைச்சிடுச்சு. உள்ளே துரை "யாரங்கே! யாரங்கே!"ன்னு அலறினார். அங்கே யாருமில்லை.

அம்மா பழக்கத்திலே பின்பக்கச் சந்துப் பக்கமா நடந்தா. அடிமைங்க போக அதுதானே வழி. ஹெட்டி ஓடிப்போய் அம்மா கையைப் பிடிச்சுத் திருப்பி, துரைமாருங்க மட்டுமே போற பெரிய கேட் வழியா, நடு ரோட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா.