உப்போடைப் பாலத்தின் பச்சை விளக்கு

நண்டுபத்து ஊர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் இந்த ஒரு குணத்தால் வந்ததுதான்.

ஊரை ஒட்டி உப்போடை. அதன் குறுக்கே நடந்துபோக ஒரு பாலம். பழைய இரும்புத் தூணை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டதால், புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினாள் எஞ்சினியர் நிறைமதி.

"இது வார்த்த தூண் இல்லை, அச்சடிச்சது. முறுக்கு பிழியிற மாதிரி மெஷின் இரும்பை அடுக்கடுக்கா வச்சு வளர்த்தது. பாதி வளர்ந்ததும் நடுவிலே ஒரு சென்சாரை வச்சு, மேலே மிச்சத்தை வளர்த்துட்டோம். துரு உள்ளே வந்தா அதுக்குத் தெரிஞ்சிரும். கரையிலே பச்சை விளக்கு எரிஞ்சா பாலம் நல்லா இருக்கு. சிவப்புன்னா யாரும் ஏறக் கூடாது."

பாலத்துக்குக் காவல் உலகுராசா. கூட்டாளிகள் இசக்கியப்பனும் வண்டிமலையும். மூவரும் தூணைச் சுற்றிவந்து பார்த்தார்கள்.

"உள்ளே வச்சு மூடிட்டீங்களேம்மா, அதுக்கு மூச்சு முட்டாதா?" என்றான் வண்டிமலை.

நிறைமதிக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "முட்டாது. சென்சாரைப் பத்திரமா பார்த்துக்கங்க. அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

பார்த்துக்கொண்டார்கள். வெயிலில் தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றினார்கள். சாக்கு காய்ந்தால் ஓடைத் தண்ணீரையே மொண்டு ஊற்றினார்கள். அந்தச் சாக்கில் உப்பு பூத்து வெள்ளையாக நின்றது.

உலகுராசாவின் மகள் பூவரசிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். புதன்கிழமை காலையில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா கொம்பையா அக்கரைக்காரர், ரோஷக்காரர். "பாலத்து வழியா மேளத்தோட கூட்டிட்டுப் போனாத்தான் கல்யாணம். சுத்துவழியிலே வர்றதுக்கு நாங்க என்ன ஆடு பிடிக்கவா வர்றோம்?" என்று நிச்சயத்தன்றே சொல்லியிருந்தார்.

உலகுராசா நிறைமதிக்குப் போன் போட்டான்.

"துரு சென்சாரைத் தொட்டிருச்சு, அதான் சிவப்பு" என்றாள். "சனிக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் பாலத்திலே ஒருத்தரும் ஏறக் கூடாது."

மூவரும் கரையில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"தொட்டது யாரு?" என்றான் இசக்கியப்பன்.

"துரு" என்றான் உலகுராசா.

"துரு எங்கே இருக்கு?"

"தூணிலே."

"அப்போ சென்சாரைத் தூணிலே வச்சதுதான்டே தப்பு. அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு சொல்லிட்டு, துருப் பிடிக்கிற இடமாப் பார்த்து வச்சிருக்காங்க."

இதை நிறைமதி எப்படி யோசிக்காமல் விட்டாள் என்று உலகுராசாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. படித்தவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று சமாதானப்பட்டுக்கொண்டான்.

"வெட்டி எடுத்துருவோம்" என்றான்.

"பாலத்திலே ஏறக் கூடாதே, மாமா" என்றான் வண்டிமலை.

"ஏறவா சொன்னேன்? அடியிலே இறங்குல."

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தூணின் நடுவை அறுத்தார்கள். பொழுது சாயும்போது கட்டைவிரல் பருமனில் சென்சார் இருந்த துண்டு, விளக்குக்குப் போகிற வயர் அறாமலே கையில் வந்தது. புளி போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, பழைய வேட்டியில் சுற்றித் தூக்குவாளிக்குள் வைத்தார்கள்.

விளக்கு பச்சையாக எரிந்தது.

உலகுராசா கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூணில் விழுந்த ஓட்டை மட்டும் பார்க்க நன்றாயில்லை. அதற்கு இசக்கியப்பன் மாவிலைத் தோரணம் கட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை நாதஸ்வரம் முன்னே வர, மாப்பிள்ளை வீட்டார் பாலத்தில் ஏறினார்கள். எதிர்கொண்டு அழைக்க உலகுராசா சந்தனக் கிண்ணத்தோடு நடுப்பாலத்துக்குப் போனான். கொம்பையா நெற்றியைக் காட்டிக் குனிந்தார். அவரோடு சேர்ந்து தூணும் குனிந்தது. பாலம் அவசரப்படாமல், எல்லாரையும் நின்றபடியே ஓடைக்குள் இறக்கிவிட்டது.

நாதஸ்வரம் நின்றது. தண்ணீர் எல்லாருக்கும் இடுப்புவரை இருந்தது.

கொம்பையாவின் மீசை துடித்தது. "என்னய்யா இது? பாலம் போயிட்டே! இப்படியா சம்பந்தியைக் கூப்பிடுவீரு? ஏலே, எல்லாரும் திரும்புங்கலே!"

உலகுராசாவுக்கு மகள் முகம் கண்ணில் நின்றது. கரையைப் பார்த்தான். பார்த்ததும் தெம்பு வந்தது.

"அண்ணாச்சி, அவசரப்படாதீங்க. அங்கே பாருங்க. விளக்கு என்ன நிறம்?"

"பச்சை."

"பச்சைன்னா பாலம் நல்லா இருக்குன்னு அர்த்தம். எஞ்சினியரம்மா சொன்னது."

கொம்பையா விளக்கைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மறுபடி விளக்கை வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"அதானே! நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். ஊதுங்கய்யா!"

தவில்காரர் தவிலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார். மேளமும் சீர்த்தட்டும் முன்னே போக, ஊர்வலம் இரண்டிரண்டு பேராக, ஒழுங்காக, தண்ணீருக்குள் நகர்ந்தது. பின்னால் வந்த மாப்பிள்ளை கொஞ்சம் ஓரமாக ஒதுங்கினான்.

கொம்பையா திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டார்:

"ஏலே, பாலத்தை விட்டு இறங்காதே! பட்டு வேட்டி நனைஞ்சிரும்!"