மூணு மாசமா, ஆறு மாசமா

"எண்பத்திரண்டு சதவீதமாம் சாமி" என்று செய்தித்தாளைக் குருவின் முன்னால் விசிறி எறிந்தான் அர்த்தநாரி.

ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போடுகிற வண்டியோடு வடக்கே ஊர் ஊராகப் போகிறவன். ஓட்டுப் போடும் நாளில் ஒரு தடவைகூட வீட்டில் இருந்ததில்லை.

"என்ன எண்பத்திரண்டு?"

"தேர்தல் சீர்திருத்தமாம். ஓட்டுப் போடாத ஆளோட வீட்டுக்கு ரேஷன் அரிசியை நிறுத்தணுமாம். எவனோ கருத்துக்கணிப்பு எடுத்திருக்கான். நூத்துக்கு எண்பத்திரண்டு பேர் நிறுத்துன்னு சொல்லிட்டாங்களாம், மிச்சப் பேர் பதிலே சொல்லலையாம். எவனுங்க அவனுங்க? அந்த மூஞ்சிகளை நான் பார்க்கணும்."

குரு மூலையில் கிடந்த கம்பை எடுத்தார்.

"முதுகுல போடட்டுமா, கால்ல போடட்டுமா?"

அர்த்தநாரி பதறினான். "கால்லயே போடுங்க சாமி."

"அடியைக் கேட்டு வாங்கிக்கிறவனை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

"நான் எங்கங்க கேட்டேன்? ரெண்டுல ஒண்ணைச் சொல்லச் சொன்னீங்க. முதுகுக்குக் கால் பரவால்லைன்னேன். இது என்னங்க நியாயம்?"

குரு கம்பைக் கீழே போட்டார்.

"உன் வீட்டுக்கு யாரும் வந்து கேட்கலையா?"

"வந்துச்சுங்க ஒரு பொண்ணு, கையில பெரிய போனாட்டம் ஒரு டேப்போட. ஓட்டுப் போடலைன்னா அரிசியை மூணு மாசம் நிறுத்தலாமா, ஆறு மாசம் நிறுத்தலாமான்னுச்சு. நான் விடுவனா? ஆறு மாசம்னா பிள்ளைங்க எதைத் திங்கும்னு சண்டை போட்டு, மூணுன்னு..."

அர்த்தநாரியின் குரல் அங்கேயே நின்றுவிட்டது.

"உன் தெருவுல?"

"எல்லாரும் மூணுதானுங்க." தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான் வீடு வீடாப் போய், ஆறுன்னு சொல்லித் தொலைச்சிராதீங்க, மூணுன்னே சொல்லுங்கன்னேன்."

"நிறுத்தவே கூடாதுன்னு சொல்ல?"

"அதுக்கு அந்த டேப்புல கட்டமே இல்லைங்க."

குரு கீழே கிடந்த கம்பைக் காலால் மூலைக்குத் தள்ளினார்.

அர்த்தநாரிக்குக் காது சுட்டது.

"நாளைக்குத் தாலுகா ஆபீஸ்ல சனங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறாங்களாம் சாமி. நான் போறேன். போய்ப் பேசுறேன்."

"பேசு. சரிப்பா, ஒரு மாசம்னு அவங்க இறங்கி வந்தா?"

அர்த்தநாரி வாயைத் திறந்தான். பழக்கதோஷம், பதினைந்து நாள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினான்.

"எங்க அரிசியில மாசம் பேச அவங்க யாருங்க?"