அமைச்சருக்கு ஒரு பந்தல்

ஏர் பிடித்தவர் எம்.எல்.ஏ. ஆனால் என்ன செய்வார்? கேளுங்கள்.

வாய்க்கால்ல தண்ணி வராம நாற்று கருகுதே என்று சென்னைக்கு, அமைச்சரிடம் ஓடினார் புது எம்.எல்.ஏ. வைரக்கண்ணு. அமைச்சர் பக்கத்தில் நின்ற இன்ஜினியரோ, "வாய்க்கால் கடைசி வரைக்கும் தண்ணி போயாச்சுங்கய்யா" என்று சாதித்தார்.

"போகலைன்னா இந்த அறைக்குள்ளேயே நிரூபிச்சுக் காட்டுமய்யா, பார்ப்போம்!" என்று சிரித்தார் அமைச்சர்.

வைரக்கண்ணு கும்பிட்டார். "அதெதுக்குங்கய்யா? தண்ணி விட்ட உங்களுக்கு ஊர்ல பாராட்டு விழா வைக்கிறோம். ரோட்டுல இடம் பத்தாது. வாய்க்காலுக்குள்ளேயே பந்தல் போட்டுக்கலாமா?"

பாராட்டு என்றதும் அமைச்சருக்கு வாயெல்லாம் பல். "என்னய்யா, போடலாமா?" என்று இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

அமைச்சர் மனசு குளிரணுமே என்று அவர் முந்திக்கொண்டார். "தாராளமா போடலாம்யா! கட்டாந்தரையா காஞ்சு கிடக்கு, நாற்காலி கொஞ்சமும் ஆடாது!"

அமைச்சர் இன்ஜினியரை முறைத்துக்கொண்டே போனை எடுத்தார்.

"மதகைத் திறங்கய்யா!"