வானந்தாங்கியின் நான்கு முட்டைகள்

ஒரு காட்டில், நீலிக்குளத்தங்கரையில் சிவமூக்கன் என்ற ஆட்காட்டிக் குருவி, தன் மனைவி கீச்சியோடு குடியிருந்தது. கூடு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அதில் நான்கு முட்டைகள். கூரையும் கிடையாது, சுவரும் கிடையாது.

வெயில் ஏறினால் ஒருவர் முட்டைகளுக்கு மேலே நின்று நிழல் கொடுக்க வேண்டும். மற்றவர் குளத்துக்கு ஓடி, மார்பு இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிரவைக்க வேண்டும். இரண்டு பேரும் மாறி மாறிச் செய்தால்தான் முட்டை பிழைக்கும். ஒருவர் ஏமாற்றினாலும் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே வெந்துவிடும்.

அந்தக் காட்டின் வானம் நம் வானத்தைப்போல எட்டாத உயரத்தில் இல்லை. மூங்கில் நுனி அதில் உரசும். யானை தும்பிக்கையை நீட்டினால் தொட்டுவிடலாம். தினமும் காலையில் தொட்டுப் பார்த்து, "ஈரமாக இருக்கிறது" என்று அறிவிப்பதையே அந்த யானை ஒரு பெரிய உத்தியோகமாகச் செய்துவந்தது.

ஒருநாள் உச்சி வெயிலில் அந்த வானத்தில் விரிசல் விட்டது. கிழக்கே தொடங்கி மேற்கே வரை கோணல்மாணலாக ஓடியது. உள்ளேயிருந்து பச்சை வெளிச்சம் வழிந்தது. பட்டப்பகலில் நட்சத்திரங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. குளத்தில் விழுந்தவை சுரீரென்று அணைந்தன. தரையில் விழுந்தவை பிறந்த குழந்தை மாதிரி வீறிட்டு அழுதன. விரிசலுக்கு அந்தப் பக்கம் பெரிதாக ஏதோ ஒன்று நடமாடும் சத்தமும் கேட்டது.

காடு முழுக்கக் குலை நடுங்கியது. வீரத்துக்குப் பேர்போன புலி ஒரு புதருக்குள் பாய்ந்தது. அங்கே ஏற்கெனவே ஒளிந்திருந்த முயலிடம், கொஞ்சம் நகர்ந்து உட்காரும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டது.

சிங்கராஜா பெருங்குரலான் உடனே சபையைக் கூட்டியது. குகையை விட்டு வெளியே வராமலேயே கூட்டியது. குரங்குகள் வானத்தைப் பார்த்துப் பல்லை இளித்ததுதான் இத்தனைக்கும் காரணம் என்றது கரடி. கரடி தேன் திருடிய பாவம்தான் காரணம் என்றன குரங்குகள். அடிதடியில் முடிய இருந்த நேரத்தில் மந்திரி நரி மதியூகி எழுந்தது.

"நம்ம காட்டுல காலை மேல தூக்கிக்கிட்டுத் தூங்குறது யாரு?" என்று அது கேட்டது.

எல்லாத் தலைகளும் சிவமூக்கன் பக்கம் திரும்பின.

மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிக்கொண்டு தூங்குவது ஆட்காட்டிகளின் பரம்பரை வழக்கம். வானம் இடிந்து விழுந்தால் தாங்கிக்கொள்ளத்தான் அப்படிப் படுக்கிறோம் என்று அந்தக் குலத்தில் ஒரு பேச்சும் உண்டு. நேற்றுவரை காடே அதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தது. "ஏய் குச்சிக்காலா, வானம் பத்திரமா?" என்று கேட்காத குரங்கு கிடையாது.

உண்மையைச் சொன்னால், சிவமூக்கனுக்கே அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. நாளெல்லாம் ஈரத்தரையில் ஓடிய கால் வலிக்கும். தூக்கி வைத்தால் கொஞ்சம் சுகமாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

அதைச் சொல்லத்தான் அது வாயைத் திறந்தது. அதற்குள் நரி முன்னால் வந்து தலைகுனிந்து வணங்கிவிட்டது.

"ஐயா, இத்தனை நாளா எங்க தலைமேல வானம் நின்னதே உங்க காலாலதான். கண்ணிருந்தும் நாங்க குருடா இருந்துட்டோம்."

நரி தன்னைக் கவ்வ வந்துதான் சிவமூக்கன் பார்த்திருக்கிறது. வணங்கிப் பார்த்ததில்லை. கால்வலி சமாசாரம் தொண்டையிலேயே நின்றுபோனது. ஏதோ தன்னால் ஆனதைச் செய்வதாக அது அடக்கமாகச் சொல்லிவைத்தது. அந்த அடக்கத்தைவிடப் பெரிய பொய் வேறு வேண்டியதில்லை.

அன்றைக்கே 'வானந்தாங்கி' என்ற பட்டம் கிடைத்தது. கழுத்தில் அறுகம்புல் மாலை விழுந்தது. குளத்தங்கரைப் பாறையின் உச்சியில் சருகு மெத்தை போட்டு, சிவமூக்கனை மல்லாத்திப் படுக்கவைத்தார்கள். விரிசல் மூடும்வரை காலை இறக்கக் கூடாது என்பது ராஜ கட்டளை. புழுவும் பூச்சியும் வாய்க்கே வந்தன. வானத்துக்குப் படையல் என்று தினமும் பத்து மீன் வந்தது. வானம் அதைத் தொடவில்லை. உணவை வீணாக்குவது பாவம் என்பதால் நரி தொட்டது.

விரிசல் கொஞ்சம் சுருங்கினால் கூட்டம் கும்பிட்டது. கொஞ்சம் விரிந்தால் யோசனை சொன்னது. முழங்காலை மடக்கச் சொன்னது ஆமை. விரலை விரிக்கச் சொன்னது தவளை. சிவமூக்கன் அலறும்போதெல்லாம் நட்சத்திரம் விழுவது நின்றதாக ஒரு மந்தி சத்தியம் செய்தது. அன்றுமுதல் ஆட்காட்டியின் அபாயக் குரலே காட்டின் மந்திரமாகிவிட்டது. குஞ்சு குளுவான் உட்பட எல்லோரும் பாறையைச் சுற்றி நின்று காலை மாலை அதையே கத்தினார்கள்.

மூன்றாம் நாள் சிவமூக்கனே நம்பத் தொடங்கிவிட்டது. பச்சை வெளிச்சம் உள்ளங்காலில் பட்டபோது வானத்தின் கனம் அதற்குத் தெரிந்தது. உண்மையில் கால் மரத்துப்போயிருந்தது. மாலை போட்டவனிடம் அதையெல்லாம் யார் சொல்வார்கள்?

கீச்சி மட்டும் தனியாகத் திண்டாடியது. பச்சை வெளிச்சத்தில் கூழாங்கல் அடுப்பாகக் கொதித்தது. நிழல் கொடுக்க நின்றால் தண்ணீர் இல்லை. தண்ணீருக்கு ஓடினால் நிழல் இல்லை. நான்காம் நாள் அது அலகைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு பாறைக்கு வந்தது. மார்பு இறகு பாதி கருகியிருந்தது.

"ஏங்க, ஒரு முட்டையில அசைவே தெரியல. ஒரே ஒரு தடவை வந்து நில்லுங்க. நான் நல்லா முங்கி எழுந்து வந்துடறேன்."

"காலை எடுத்தா வானம் விழுந்துடும் புள்ள. ஊரே என்னைய நம்பியிருக்கு."

கீச்சி அதன் தூக்கிய கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"வானம் விழுந்தா எல்லார் தலையிலயும்தான் விழும். முட்டை போனா நம்ம தலையில மட்டும்தான் விழும்" என்று சொல்லிவிட்டுக் குளத்துக்குப் பறந்தது.

சிவமூக்கனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த நேரம் பார்த்து நான்கு மான்கள் வந்து கும்பிட்டன. சுருக்கென்றது ஆறிவிட்டது.

மல்லாந்து கிடந்ததால் அதன் கண்ணுக்கு உலகமே தலைகீழாகத் தெரிந்தது. தரை மேலே இருந்தது. அந்தத் தரையில் தடித்த வால் ஒன்று ஊர்ந்துபோனது. தடிவாலன் உடும்பு! வானமே இடிந்தாலும் வயிறு பசிக்கும் என்ற தெளிவு அந்தக் காட்டில் அதற்கு மட்டும்தான் இருந்தது. கூழாங்கல் பள்ளத்தை நோக்கி நிதானமாகப் போனது.

சிவமூக்கன் தொண்டை கிழியக் கத்தியது. உடனே கூட்டமும் பக்தியோடு கூடச் சேர்ந்து கத்தியது. சிவமூக்கன் இன்னும் உரக்கக் கத்தியது. கூட்டமும் இன்னும் உரக்கக் கத்தியது. குளத்தில் நின்ற கீச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு நாளாகக் கேட்டுச் சலித்த கூச்சல்தானே.

உடும்பு முதல் முட்டையை விழுங்கியது. அது தொண்டையில் இறங்குவது பாறையிலிருந்தே தெரிந்தது.

சிவமூக்கன் காலை இறக்கியது.

"ஐயா, இறக்காதீங்க! காடே அழிஞ்சிடும்!" என்று அலறியது நரி.

மரத்துப்போன கால் நிற்கவில்லை. சிவமூக்கன் பாறையிலிருந்து உருண்டு, பாதியில் இறகை விரித்து, நேராக உடும்பின் கண்ணைப் பார்த்துப் பாய்ந்தது. சண்டைச் சத்தம் கேட்டுக் கீச்சியும் வந்து சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து கொத்திய கொத்தில், உடும்பு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு புதருக்குள் ஓடியது. ஆனால் அதற்குள் இரண்டாவது முட்டையும் போயிருந்தது. மூன்றாவது முட்டையைச் சிவமூக்கன் காதோடு ஒட்டவைத்துக் கேட்டது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. வெந்துபோயிருந்தது.

நான்காவதில் மட்டும் லேசாக ஓர் அசைவு இருந்தது. சிவமூக்கனுக்கு அழுகை வந்தது. கீச்சி திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அதற்கு இருந்தது. நடுங்கும் காலை ஊன்றி அது முட்டைக்கு மேலே நிழலாக நின்றது. கீச்சி தண்ணீருக்குப் போனது.

பாறையடியில் எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாகத் தயாராக நின்றார்கள். வெகுநேரம் ஆயிற்று. தவளை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. வானம் இருந்த இடத்திலேயே இருந்தது. சாயங்காலம் விரிசல் தானாகவே மேற்கிலிருந்து கிழக்காக மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் நடமாடிய ஏதோ ஒன்று, வந்த வேலை முடிந்ததுபோல நடந்துபோய்விட்டது. எதற்காக வந்தது, ஏன் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தெரியாது என்று ஒப்புக்கொள்ள மந்திரி எதற்கு? மறுநாள் சபையில் மதியூகி எழுந்து தொண்டையைக் கனைத்தது. இந்த முறை சிங்கராஜா வெளியே வந்து, பிடரியை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"கவனிச்சீங்களா? அவன் காலை இறக்கின அன்னிக்கே விரிசல் மூடிடுச்சு. அப்படின்னா நாலு நாளா அதைக் காலால நெம்பித் திறந்து வெச்சிருந்தது யாரு?"

சபை வாயைப் பிளந்தது. இவ்வளவு தெளிவான விஷயம் தங்களுக்குத் தோன்றவில்லையே என்று எல்லோரும் வெட்கப்பட்டார்கள். பட்டம் பறிக்கப்பட்டது. அறுகம்புல் மாலையை, கும்பிட்ட மான்களே தின்றுவிட்டன. இனி எந்த ஆட்காட்டியும் காலைத் தூக்கக் கூடாது என்று கட்டளை பிறந்தது. யானை வானத்தைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருப்பதாக அறிவித்தது.

கட்டளையைச் சொல்ல வந்த குரங்கு, "என்ன குச்சிக்காலா, வானம் பத்திரமா?" என்று இளித்தது. சிவமூக்கன் தலையைத் திருப்பவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதன் நிழல் முட்டையை விட்டு ஒரு விரல் நகர்ந்திருந்தது. அது ஒரு விரல் தள்ளி நின்றுகொண்டது.

ஆறாம் நாள் ஓடு உடைந்து ஒரே ஒரு குஞ்சு வெளியே வந்தது. ஈரம் காய்ந்ததும் அது செய்த முதல் காரியம், மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கியதுதான். கீச்சி கணவனைப் பார்த்தது. சிவமூக்கன் அலகால் மெதுவாகக் குஞ்சைப் புரட்டி நிமிர்த்திவிட்டது.

"வேணாம் கண்ணு. வானம் தானா நிக்கும்" என்று சொல்லிவிட்டு, இறகை விரித்து வெயிலை மறைத்தது.

ஊரார் சூட்டும் பட்டம் ஊரார் பயம் தீரும்வரைதான்; நம் நிழலை நம்பிக் கிடக்கும் உயிருக்குத்தான் நாம் உண்மையிலேயே வானம்.